மண்டபத்தில் இரண்டு கடல், இரண்டு பாட்டில்: பலபடித்தான கலவை

வணக்கம் மக்களே. ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் நிற்கிறேன். இந்தப் பாட்டிலில் இருப்பது வடகடல் தண்ணீர், அதாவது பாக் விரிகுடா. இது தென்கடல், மன்னார் வளைகுடா. வாடைக்காற்று அடிக்கிறது, அதனால் வடகடல் பழுப்பாகக் கலங்கியிருக்கிறது. தென்கடல் தெளிவாக இருக்கிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வந்தால் இது அப்படியே மாறிவிடும்.

பலபடித்தான கலவை என்றதும் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்? "தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தால் பலபடித்தானது, தெரியாவிட்டால் ஒருபடித்தானது." மணலுக்கு இது சரிப்படும். பாலிடம் போனால் மாட்டிக்கொள்வீர்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: மேலே எடுத்தாலும் கீழே எடுத்தாலும், எவ்வளவு சின்னத் துளியாக எடுத்தாலும், அதே பொருள்கள் அதே அளவில் இருக்கின்றனவா? இருந்தால் ஒருபடித்தானது, இல்லாவிட்டால் பலபடித்தானது.

வடகடல் பாட்டிலை நன்றாகக் குலுக்குகிறேன். இப்போது முழுக்க ஒரே நிறம், பார்த்தால் ஒருபடித்தான மாதிரிதான் தெரியும். கொஞ்சம் விடுங்கள். பாருங்கள், மணல் அடியில் இறங்கிவிட்டது, நுண்ணிய சேறு இன்னும் நடுவில் தொங்குகிறது. மேலிருந்து ஒரு கரண்டி, அடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இரண்டு எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தேன். மேல்தண்ணீர் காய்ந்த தட்டில் வெள்ளை உப்பும் லேசான தூசியும். அடித்தண்ணீர் காய்ந்த தட்டில் உப்போடு சேறும் மணலும். இரண்டும் ஒன்றில்லை. முடிந்தது, இது பலபடித்தான கலவை. இந்த வகைக்குப் புத்தகத்தில் தொங்கல் என்று பெயர். கலக்கிக்கொண்டே இருக்கும்வரைதான் துகள்கள் மிதக்கும். ஆழம் குறைந்த வடகடலில் வாடை அடிக்கும்போது நடப்பதும் அதுதான்: அலை அடிச்சேற்றைக் கிளப்புகிறது, காற்று ஓய்ந்தால் சேறு இறங்கிவிடும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளுக்கு தண்ணீர் தெளிவாக இருப்பது ரொம்ப முக்கியம். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்குச் சூரிய ஒளி வேண்டும், தண்ணீர் கலங்கலாகவே கிடந்தால் ஒளி இறங்காது.

சரி, அதே தண்ணீரை ராத்திரி முழுக்க அசையாமல் வைத்து, தெளிந்ததை இறுத்து, வேட்டித்துணியை நாலாக மடித்து வடிகட்டினேன். இப்போது மேல் கரண்டி, கீழ் கரண்டி, இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி உப்புதான். அதனால் இது ஒருபடித்தான கலவை, அதாவது கரைசல். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. அது எவ்வளவு நாள் நின்றாலும் தானாக அடியில் தங்காது, துணியிலும் நிற்காது. உப்பு ஒரு நானோமீட்டருக்கும் சிறிய அயனிகளாக, அதாவது மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. அதைத் திரும்ப எடுக்கத் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். வாலிநோக்கம் உப்பளத்தில் வெயில் செய்கிற வேலை அதுதான். அங்கேயும் எல்லாம் ஒரே நேரத்தில் பிரியாது. சாப்பாட்டு உப்புக்கு முன்னாடியே ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) படியும், அப்புறம் சாப்பாட்டு உப்பு, கடைசியில் மெக்னீசியம் நிறைந்த கசப்புத் தண்ணீர் மிஞ்சும்.

இனி பால். தேங்காயைத் துருவிப் பிழிந்து முதல் பாலை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சில மணி நேரத்தில் கொழுப்பு மேலே கட்டியாக நிற்கும், கீழே நீர்த்த தண்ணீர். பிழிந்தவுடன் ஒரே வெள்ளையாகத் தெரிந்ததே, அப்போதும் அது பலபடித்தானதுதான். தண்ணீருக்குள் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறிக் கிடந்தது, கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். மாட்டுப்பாலும் அப்படியே. சில பாக்கெட் பாலில் ஆலையிலேயே கொழுப்புத் துளிகளை அழுத்தத்தில் உடைத்து இன்னும் சிறிதாக்கிவிடுவார்கள், அதனால் மேலே ஏடு திரளாது. அதற்காக அது கரைசல் ஆகிவிடாது.

சந்தேகமா? இருட்டறையில் ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் ஒளி போகும் பாதை தெளிவாகத் தெரியும். சர்க்கரையைக் கரைத்து வடிகட்டிய தண்ணீரில் அப்படித் தெரியாது. இதுதான் டிண்டால் விளைவு. 19-ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த அறிவியலாளர் ஜான் டிண்டாலின் பெயர். லேசர் பேனா வேண்டாம் பிள்ளைகளா, கண்ணுக்கு ஆபத்து, போன் டார்ச்சே போதும். அப்புறம், தண்ணீர் பிடிக்க, தனுஷ்கோடியின் கடைசியில் இருக்கும் அரிச்சல்முனைக்குப் போய்க் கடலில் இறங்காதீர்கள். அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். கரையோரத்தில் பெரியவர்கள் யாரையாவது தண்ணீர் பிடித்துத் தரச் சொல்லுங்கள்.