அம்பது காசு மேல எவ்வளவு தண்ணி நிக்கும்?

வணக்கம் மக்களே. இன்னிக்கு கோலாலம்பூர்ல, நம்ம குசினி மேசையிலேயே, தண்ணியோட மேற்பரப்பு இழுவிசைய, அதாவது தண்ணியோட மேல்பரப்பு இழுத்துக் கட்டின தோல் மாதிரி சுருங்கப் பார்க்குற விசையப் பார்க்கப் போறோம். கண்ணாடிக் கிண்ணம், பேப்பர் கிளிப், அம்பது காசு, ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு. சிரிஞ்சு மருந்துக் கடையில கிடைக்கும்.

முதல்ல கிண்ணம். கறி வச்ச பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம், எண்ணெய் ஊறியிருக்கும். கண்ணாடியா இருந்தாலும் சோப்பு போட்டுக் கழுவிட்டு, சுடுதண்ணியில நாலஞ்சு தடவை அலசுங்க. கண்ணுக்குத் தெரியாத சோப்புப் படலம் இருந்தாலே கிளிப் மூழ்கிடும். ஜெர்மனியில ஆக்னஸ் பாக்கெல்ஸ்னு ஒரு அம்மா, வீட்டுச் சமையலறையில ஆராய்ஞ்சதே இந்தப் படலத்தைத்தான். அவங்க எழுதின கடிதம் 1891ல 'நேச்சர்' இதழ்ல வந்துச்சு.

காத்தாடிய நிறுத்துங்க, தண்ணி ஆடக் கூடாது. டிஷ்யூ துண்டைத் தண்ணி மேல விரிச்சு, கிளிப்பைப் படுக்க வைங்க. டிஷ்யூ ஊறினதும் அதோட ஓரத்தை மட்டும் ஈர்க்குச்சியால அழுத்தினா அது இறங்கிடும், கிளிப் நிக்கும். இப்போ பக்கவாட்டுல குனிஞ்சு பாருங்க. கிளிப்பைச் சுத்தி தண்ணி குழிஞ்சிருக்கு, தெரியுதா? எஃகு தண்ணிய விட கிட்டத்தட்ட 8 மடங்கு அடர்த்தி. மரக்கட்டை மாதிரி மிதக்கல. குழிஞ்ச பரப்பு அதை மேல இழுத்துப் பிடிச்சிருக்கு.

அடுத்தது காசு. 22.65 மில்லிமீட்டர் அகலம். நல்லா துடைச்சு, சமமான இடத்துல வைங்க. சிரிஞ்சு நுனி அரை சென்டிமீட்டர் உயரத்துல இருக்கட்டும். நடுவுல மெதுவா விடுங்க. தண்ணி வழியாம குவிஞ்சு நிக்கும், அழகா இருக்கும். வழிஞ்ச நொடியில எத்தனை மில்லி போயிருக்குன்னு குறிச்சுக்கோங்க.

நிறைய பேர் இங்க சொட்டு எண்ணுவாங்க. அது தப்பான அளவு. சொட்டைத் தொங்கவிடுறதே மேற்பரப்பு இழுவிசைதான். சோப்பு கலந்தா சொட்டே சின்னதா விழும். அப்போ எண்ணிக்கை கூடிப் போய், சுத்தத் தண்ணிக்கும் சோப்புத் தண்ணிக்கும் உள்ள வித்தியாசம் குறைவாத் தெரியும். அதனாலதான் சிரிஞ்சு.

சுத்தத் தண்ணியோட மேற்பரப்பு இழுவிசை 20 டிகிரியில மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். நம்ம வீட்டுச் சூட்டுல, 30 டிகிரியில, 71 கிட்ட. அது பெரிய வித்தியாசம் இல்ல. சோப்பு போட்டா பாதிக்கும் கீழ போயிடும்.

100 மில்லி தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு, நுரை வராம கலக்குங்க. சுத்தத் தண்ணிய மூணு தடவை அளந்து முடிச்ச பிறகுதான் சிரிஞ்சுல இதை ஏத்தணும். மாத்திச் செஞ்சா காசையும் சிரிஞ்சையும் மறுபடியும் சுடுதண்ணியில அலசணும்.