கரும்பின் நுனியில் கருப்புச் சாட்டை

நேயர்களுக்கு வணக்கம். பொங்கல் சமயத்தில் கோயம்பேட்டில் கட்டுக் கட்டாக வந்து இறங்கும் கரும்பு ஒரு புல் வகை. நெல்லும் மூங்கிலும் அருகம்புல்லும் அதற்குப் பங்காளிகள். அந்தப் புல்லை அண்டிப் பிழைக்கும் பூஞ்சைதான் கரிப்பூட்டை. இரண்டையும் அக்கம்பக்கமாக நிறுத்திப் பார்ப்போம்.

கரும்பின் மரபணுத் தொகுப்பில் சுமார் 1,000 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். பூஞ்சைக்கு ஏறக்குறைய 2 கோடிதான். ஆனாலும் ஆட்டிவைப்பது சின்னதுதான். பூக்கதிர் வரவேண்டிய குருத்திலிருந்து கருப்பாக ஒரு சாட்டை கிளம்பும். சிலசமயம் ஒரு மீட்டருக்கு மேலேயும் நீளும். மேலே வெள்ளிபோல் மெல்லிய தோல். அது கிழிந்தால் கரித்தூள் பறக்கும். தூள் அத்தனையும் வித்துகள். (மக்காச்சோளத்தில் வரும் இதன் உறவுக்காரப் பூஞ்சையை மெக்சிகோவில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், அது வேறு கதை.)

கரும்புக்கு ஒரு கரணை, அதாவது வெட்டிய தண்டுத் துண்டு போதும், முளைத்துவிடும். பூஞ்சைக்கு ஜோடி வேண்டும். வித்து முளைத்து வரும் செல் தனியாக இருக்கும்வரை ஈஸ்ட் மாதிரி பெருகுமே தவிர, பயிரைத் தொடாது. பொருத்தமான இன்னொன்றோடு சேர்ந்தால்தான் இழையாக நீண்டு கரும்பின் பருவுக்குள், அதாவது கணுவில் இருக்கும் மொட்டுக்குள் நுழையும். அப்புறம் தண்டு ஒல்லியாகி, அடியிலிருந்து பக்கக் கிளைகள் புல்லுக் கற்றைபோல நிறைய வெடிக்கும். கரும்பு புல்தான் என்பதை அப்போது கண்ணாலேயே பார்க்கலாம்!

இப்போது முக்கியமான விஷயம். மதுராந்தகம், திருத்தணி பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் விவசாயிகள் கவனியுங்கள். சாட்டையைக் கண்டதும் அரிவாளை வீசாதீர்கள். வீசினால் தூள் காற்றில் ஏறி அடுத்த வயலுக்குப் போகும். முதலில் பை. கெட்டித் துணிப்பையோ பாலித்தீன் பையோ, நுனியிலிருந்து மெதுவாகக் கவிழ்த்து, கீழே வாயை இறுக்கிப் பிடித்து, அதற்கப்புறம் அறுங்கள். காற்று எழும்பாத காலை நேரம் நல்லது. பையை அப்படியே கொதிநீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்துங்கள். வாய்க்காலில் மட்டும் எறியாதீர்கள். சாட்டையை மட்டும் அறுத்தாலும் போதாது. பூஞ்சை இழை தூருக்குள்ளேயே இருக்கிறது, பக்கப் பருவிலிருந்து மறுபடி சாட்டை வரும். தூரோடு தோண்டி எடுங்கள். மறுபடி சொல்கிறேன்: முதலில் பை, பிறகு அரிவாள்.

நேரமாகிவிட்டது, மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கு பத்துக்கு மேல் தாக்கியிருந்தால் மறுதாம்பு, அதாவது வெட்டிய கட்டையிலிருந்து அடுத்த பயிர், விடவேண்டாம். விதைக்கரணையை நோயில்லாத வயலிலிருந்து எடுங்கள். அதைக் காற்று கலந்த நீராவியில் 50 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். சூடு ஏறினால் பரு செத்துவிடும், இறங்கினால் பூஞ்சை பிழைத்துவிடும். டிரைடிமெஃபான் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கலந்து, கரணையை 10 நிமிடம் நனைத்து நடுங்கள். வணக்கம்.