சாவி, கிளட்ச், ஒரு பசுமாடு: ‘ஹார்ட் டிரைவின்’ எந்திரத்துக்குள் என்ன இருக்கிறது?

[திரை கறுப்பு. சாவி திருகும் சத்தம். எஞ்சின் உறுமி அடங்குகிறது.]

இப்போது நீங்கள் கேட்டது கார் இல்லை. அமெரிக்காவின் அட்டாரி கேம்ஸ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட ‘ஹார்ட் டிரைவின்’ என்ற ஆர்கேட் எந்திரம், அதாவது காசு போட்டு ஆடும் கார் வீடியோ கேம் எந்திரம். காசு போட்ட உடனே பந்தயம் தொடங்கிவிடாது. முதலில் சீட்டை முன்னே பின்னே தள்ளி, கால் எட்டும்படி உட்கார வேண்டும். ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் சாவியைத் திருக வேண்டும். கீழே பார்த்தால் மூன்று பெடல். ஆமாம், கிளட்ச்சும் உண்டு. விளையாட வந்தவனிடம் டிரைவிங் ஸ்கூல் பாடம் நடத்துகிற எந்திரம் இது.

[ஆட்டக் காட்சி: நீல வானம், பச்சைத் தரை, சாம்பல் சாலை.]

படத்தைப் பாருங்கள். வானம் ஒரே நீலம், தரை ஒரே பச்சை, வீடு என்றால் நாலைந்து தட்டையான பலகை. “இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்று தோன்றினால் தப்பில்லை. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1986இல், ஜப்பானின் சேகா நிறுவனத்தின் ‘அவுட் ரன்’ என்ற கார் ஆட்டம் வந்துவிட்டது. பனை மரம், கடற்கரை, மேகம் என்று கண்ணுக்கு விருந்து. அழகுப் போட்டி வைத்தால் ‘ஹார்ட் டிரைவின்’ முதல் சுற்றிலேயே வெளியேறியிருக்கும்.

ஆனால் ‘அவுட் ரன்’ மரங்கள் எல்லாம் படங்கள். பட ரிலீசுக்குத் தியேட்டர் வாசலில் வைக்கும் கட்அவுட் மாதிரி. நீங்கள் நெருங்க நெருங்க எந்திரம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். கட்அவுட்டுக்குப் பக்கவாட்டில் போய் நின்றால் என்ன தெரியும்? பலகையின் விளிம்பு. அதனால் அந்த ஆட்டம் உங்களைப் பக்கவாட்டில் போகவே விடாது.

‘ஹார்ட் டிரைவின்’ விடும். சாலையை விட்டு இறங்கலாம், திரும்பி எதிர்த்திசையில் வரலாம். குறிப்பிட்ட நொடிகளுக்குள் சாலைக்குத் திரும்ப வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. ஸ்டண்ட் பாதையில் ஒரு தூக்குப் பாலத்தைத் தாவலாம். ஒரு வளையத்துக்குள் தலைகீழாகச் சுற்றி வரலாம். கட்அவுட்டை வைத்துக்கொண்டு இந்த வளையத்தைக் கட்ட முடியாது. அந்த உலகத்தில் ஒவ்வொரு மூலைக்கும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்கள் இருந்தாக வேண்டும்.

[வரைபடம்: ஒரு பெட்டி மெதுவாகச் சுழல்கிறது. எட்டு மூலைகளிலும் புள்ளிகள்.]

கணக்கு இங்கேதான் வருகிறது. ஒரு பெட்டிக்கு எட்டு மூலை. உங்கள் கார் கொஞ்சம் திரும்பினாலும், அந்த எட்டு மூலைகளும் உங்கள் பார்வைக்கு எங்கே வரும் என்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மூலையைச் சுழற்ற ஒன்பது பெருக்கல். அப்புறம், தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிய வேண்டுமே, அதற்காகத் தூரத்தால் வகுத்தல். ஒரு பெட்டிக்கே 72 பெருக்கல் ஆகிவிட்டது. சாலை, பாலம், எதிரே வரும் வண்டிகள் எல்லாம் பாக்கி. முடித்த கையோடு அடுத்த படத்துக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த எந்திரத்தின் முதன்மைச் சிப் மோட்டோரோலா 68010. அது 8 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 80 லட்சம் கடிகாரத் துடிப்பு வேகத்தில் ஓடியது. ஒரு பெருக்கலுக்கு அது பல பத்துத் துடிப்புகளை விழுங்கும். அதை நம்பி இறங்கினால் கார் நகர்வதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள். அதனால் கணக்கு வேலையை அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஎஸ்பி-2100 என்ற சிப்பிடம் ஒப்படைத்தார்கள். இது ஒலி அலைகள் போன்ற சமிக்ஞைகளை அலசுவதற்காகப் பிறந்த சிப். அந்தத் துறையில் வேலையே பெருக்கிப் பெருக்கிக் கூட்டுவதுதான் என்பதால், ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்து ஒரே துடிப்பில் முடித்துவிடும். அதையே மூலைகளைச் சுழற்றப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

புள்ளிகள் கிடைத்த பிறகு நடுவே வண்ணம் நிரப்ப வேண்டும். அது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்34010 சிப்பின் வேலை. ஒரே சிப்பில் முழுக் கணினி மூளையும் ஓவியர் கையும் சேர்ந்த விசித்திரப் பிறவி அது. மற்ற சிப்கள் நினைவகத்தை எட்டு எட்டு பிட்டாக (பிட் என்றால் ஒற்றை 0 அல்லது 1) எண்ணும்போது, இது ஒவ்வொரு பிட்டுக்கும் தனி முகவரி வைத்திருந்தது. பலகைக்கு ஒரே நிறம் என்று முடிவு செய்ததும் இத்தனை வேலை குவிந்து கிடந்ததால்தான். நிழல், மெருகு, மரத்தின் சொரசொரப்பு என்று எதற்கும் நேரம் இல்லை. அப்படிச் சிக்கனம் பிடித்தும் படம் தடக் தடக் என்றுதான் ஓடியது.

[ஸ்டீயரிங் வீலின் நெருக்கக் காட்சி.]

சரி, மிச்சம் பிடித்ததை எங்கே செலவழித்தார்கள்? உங்கள் கையிலும் காலிலும்.

நிஜக் காரில் வளைவில் திரும்பும்போது, முன் டயர்கள் நேராக நிமிரப் பார்க்கும். அந்த இழுப்புதான் ஸ்டீயரிங்கில் கனமாகத் தெரிகிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி ஓட்டியவர்களுக்குத் தோள்பட்டையே சொல்லும். வேகம் எல்லை மீறி டயர் வழுக்கத் தொடங்கினால், அந்தக் கனம் சட்டென்று குறையும். கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும்: ‘பிடி விட்டுப்போச்சு.’

இந்த எந்திரத்தின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு மோட்டார் இருக்கிறது. காரின் எடை, டயரின் பிடி, வேகம் எல்லாவற்றையும் ஆட்டம் கணக்கிட்டு, அதற்கேற்ற விசையை அந்த மோட்டார் வழியாக உங்கள் கைக்கு அனுப்புகிறது. பிரேக் இன்னும் ஒரு படி மேல். பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்று பார்க்காமல், எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்று அளக்கிறது. கியர் கம்பியையும் விடவில்லை. கம்ப்யூட்டர் கட்டளைப்படி கையை எதிர்க்கும் கியர் கம்பிக்கு, இதை உருவாக்கிய குழுவை வழிநடத்திய ரிக் மோன்க்ரீஃபும் கூட்டாளிகளும் காப்புரிமையே வாங்கினார்கள்.

டயர் கணக்கை யாரிடம் கேட்பது? கார் இயக்கவியல் நிபுணர் டக் மில்லிகனிடம் கேட்டார்கள். பின்னாளில், 1995இல், தன் தந்தை வில்லியம் மில்லிகனுடன் சேர்ந்து பந்தயக் கார்ப் பொறியாளர்கள் இன்றும் புரட்டும் தடிமனான பாடநூலை எழுதியவர் அவர். ஆட்டத்தின் பெயர்ப் பட்டியலில் அவருக்குக் கிடைத்த பட்டம் ‘டெஸ்ட் டிரைவர்’. எனக்கு மிகவும் பிடித்த குறும்பு இது.

முப்பரிமாணத்தில் இவர்கள்தான் முதல் என்று சொல்ல வரவில்லை. வண்ணம் நிரப்பிய பலகைகளை அட்டாரியே 1984இல் ‘ஐ, ரோபோட்’டில் காட்டிவிட்டது. கார்ப் பந்தயத்தில்கூட நாம்கோவின் ‘வின்னிங் ரன்’ ஜப்பானில் 1988 கடைசியிலேயே வந்துவிட்டது. ஆனால் அது பந்தய ஆட்டம். இது கார். அந்த வித்தியாசத்தை உணர ஒரு வழி உண்டு: கமோடோர் 64, ஸ்பெக்ட்ரம், அமிகா போன்ற வீட்டுக் கணினிகளுக்கு வந்த பதிப்புகளை ஓட்டிப் பாருங்கள். அதே சாலை, அதே வளையம். ஸ்டீயரிங்கையும் கிளட்சையும் எடுத்துவிட்டு விசைப்பலகையைக் கொடுத்ததும் பொசுக்கென்று போய்விடுகிறது.

[ஆட்டக் காட்சி: கார் பாலத்திலிருந்து விழுந்து சிதறுகிறது. காட்சி பின்னோக்கி ஓடுகிறது.]

ரசிக்க இன்னொன்றும் உண்டு. மோதியதும் ஆட்டம் நின்று, சற்று முன் நடந்ததை வானத்திலிருந்து பார்ப்பது போல மறுபடி காட்டும். உலகம் முழுக்க எண்களாக இருப்பதால் கேமராவை எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம். கட்அவுட் உலகத்தில் இதற்கு வழியே இல்லை. அடுத்த முறை சுற்றி இருப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே பாலத்திலிருந்து விழத் தோன்றும்.

[பச்சைத் தரை. ஓரத்தில் கறுப்பு வெள்ளைப் பலகைகளால் ஆன ஒரு பசு.]

அப்புறம், சாலையோரம் நிற்கும் இந்தப் பசு. முட்டிப் பாருங்கள்.

[‘ம்மா’ என்ற சத்தம். திரை கறுப்பு.]