அக்குள் நிணநீர் முடிச்சுகள்: எதை எடுப்பது, எதை விடுவது?

[திரையில்: மார்பகம், அக்குள், நிணநீர்க் குழாய்களின் கோட்டுப் படம்]

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் என்றதும் பேச்செல்லாம் கட்டியைப் பற்றியே இருக்கும். அக்குளில் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்க மறந்துவிடுவோம். பல வருஷம் கழித்தும் கையில் தெரிவது அந்த முடிவுதான்.

மார்பகத்தின் நிணநீர், அதாவது திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த திரவம், பெரும்பாலும் அக்குளில் உள்ள சிறு வடிகட்டிகளான முடிச்சுகளுக்குத்தான் போகிறது. புற்றுச் செல்கள் கிளம்பினால் முதலில் அங்கேதான் தங்கும். அதனால் ஒரு காலத்தில் அந்த முடிச்சுகளை மொத்தமாக அகற்றினார்கள். அப்படி அகற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. இதுதான் லிம்ஃபெடீமா. தோள் இறுகலாம், மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போகலாம்.

[திரையில்: கட்டியருகே நீலச்சாயம் செலுத்தப்படுகிறது, ஒரு முடிச்சு மட்டும் நீலமாகிறது]

1993-இல் டேவிட் கிராக் கதிரியக்க மருந்தையும், 1994-இல் அர்மாண்டோ ஜூலியானோ நீலச்சாயத்தையும் வைத்து, நிணநீர் முதலில் போய்ச்சேரும் முடிச்சை அடையாளம் காட்டினார்கள். அதுதான் சென்டினல் முடிச்சு. அப்படி ஒன்றிரண்டை எடுத்துச் சோதித்து, புற்று இல்லையென்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை. சாயத்தால் ஓரிரு நாள் சிறுநீர் பச்சையாகப் போகும்; பயப்படாதீர்கள்.

புற்று இருந்தால்? "எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர்" என்றுதான் குடும்பமே சொல்லும். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் இசட் 0011 என்ற ஆய்வு சொன்னது வேறு. கட்டி 5 செ.மீ.க்குள், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்கள், ஒன்று அல்லது இரண்டு சென்டினல் முடிச்சில் புற்று. இவர்களில் மீதி முடிச்சுகளை எடுக்காதவர்களில் 86.3 சதவீதம் பேரும், எடுத்தவர்களில் 83.6 சதவீதம் பேரும் 10 ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். கூடுதலாக எடுத்ததால் ஆயுள் கூடவில்லை.

அமரோஸ் ஆய்வில், முடிச்சுகளை வெட்டி எடுப்பதற்குப் பதில் அக்குளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 5 ஆண்டில் வெட்டி எடுத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குக் கை வீக்கம் இருந்தது; கதிர்வீச்சு பெற்றவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான்.

மூன்று, அதற்கு மேற்பட்ட முடிச்சுகளில் புற்று இருந்தாலோ, முதலில் கீமோ கொடுத்தும் முடிச்சில் புற்று மிஞ்சியிருந்தாலோ கணக்கு மாறும். அவர்களுக்கு முழு அகற்றல் இன்றும் தேவைப்படலாம்.

[திரையில்: அக்குள் அல்ட்ராசவுண்ட்]

இப்போது கேள்வி இன்னும் முன்னே போய்விட்டது: சென்டினல் சோதனையே தேவையா? 2023-இல் வெளியான சவுண்ட் ஆய்வில், கட்டி 2 செ.மீ.க்குள், அக்குள் அல்ட்ராசவுண்ட் சுத்தமாக இருந்தவர்களில், சோதனை செய்யாதவர்களுக்கும் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவுவது கூடவில்லை. 70 வயது தாண்டி, ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும்), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் மிகுந்திராத) சிறு கட்டி உள்ளவர்களுக்கும் பல நேரம் தவிர்க்கலாம். இளவயதுக்காரருக்கு அதே சோதனையின் ரிசல்ட் கீமோ வேண்டுமா என்பதையே தீர்மானிக்கலாம். ஆகவே டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இந்த ரிசல்ட் தெரிஞ்சா என் சிகிச்சையில எது மாறும்?"

அதை ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். பால் குழாய்க்குள்ளேயே அடங்கிய ஆரம்பநிலைப் புற்று என்று நினைத்துக் கட்டியை மட்டும் எடுத்திருந்தால், பிறகு வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் குழாயைத் தாண்டி ஊடுருவும் புற்று எதிர்பாராமல் தெரியவந்தாலும் சென்டினல் சோதனையைப் பிறகு செய்துகொள்ளலாம். மார்பகத்தையே எடுத்துவிட்டால் சாயம் போகும் பாதையே இருக்காது. மார்பகத்தை முழுதாக எடுக்கும்போது முடிச்சையும் சேர்த்தே சோதிப்பது அதனால்தான்.