உலையில் போடுமுன் ஒரு பிடி

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புறப்படும்போது நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பணப்பையைத் திறக்கிறோம். ஐந்நூறு ரூபாய்த் தாளைத் தள்ளிவிட்டு, இருபதோ ஐம்பதோ இருக்கிறதா என்று தேடுகிறோம். வீட்டுக்கடன் தவணை, பள்ளிக் கட்டணம், புது போன் எல்லாம் போக மிஞ்சியதுதான் காணிக்கை. மிஞ்சாத மாதம் காணிக்கையும் இல்லை.

மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் ஆசை. அங்கே 1910-இல் ஒரு பழக்கம் தொடங்கியது. வீட்டுப் பெண்கள் சமைக்க அரிசி அளந்ததும், உலையில் போடுமுன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் அப்படித்தான். சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அந்த அரிசியைச் சேர்ப்பார்கள். அதை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். அந்தக் காலத்தில் அந்த மலைக் கிராமங்களில் பெண்களின் கையில் காசு ஏது? கையில் இருந்தது அரிசி. அதைக் கொடுத்தார்கள்.

கவனியுங்கள், சாப்பிட்டு மிஞ்சிய சோறு இல்லை இது. உலையில் விழுவதற்கு முன்னால் எடுத்த அரிசி. அந்த வேளை வீட்டில் எல்லார் தட்டிலும் கொஞ்சம் குறையும். குறைவது தெரிந்தேதான் எடுக்கிறார்கள்.

தொடங்கிய மறு ஆண்டே, 1911-இல், அங்கே மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் எலிகள் பெருகும், எலிகள் விளைச்சலைத் தின்றுவிடும், பஞ்சம் வரும். மிசோ மக்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த பயம். அப்படிப்பட்ட பஞ்சம் வந்துபோன பிறகும் இந்தப் பழக்கம் நின்றுபோகவில்லை. இன்றைக்கும் நடக்கிறது. இன்று அந்தப் பிடி அரிசியின் மதிப்பு ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாய். ஆனால் எனக்குக் கோடியை விட அந்தப் பாத்திரம்தான் பெரிது. பணக்காரர் வீட்டிலும் ஏழை வீட்டிலும் அடுப்படியில் அது இருக்கிறது.

எருசலேம் ஆலயத்தில் இரண்டு காசு போட்ட விதவையை நாம் எல்லோரும் அறிவோம். அவள் போட்டதே அதிகம் என்றார் இயேசு. ஏன்? மற்றவர்கள் தங்கள் பரிபூரணத்திலிருந்து எடுத்துப் போட்டார்கள். அவளோ தன் ஜீவனத்துக்கு இருந்ததையே போட்டாள். எவ்வளவு போட்டாய் என்று அவர் பார்க்கவில்லை. போட்ட பிறகு உன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

நம் தென்மாவட்டத்துச் சபைகளுக்கும் கைப்பிடி அரிசி புதிதல்ல. அந்தக் காலத்தில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிக் குடும்பங்கள், சிறு விவசாயிகள். அவர்களை நம்பித்தான் 1903-இல், பின்னாளில் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம்மவர் காணிக்கை போதும் என்று முடிவு செய்தார்கள். அந்தக் காணிக்கையில்தான் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் ஊழியம் வளர்ந்தது. பதநீர் காய்ச்சிப் பிழைத்த வீடுகளின் பணம் அது!

நேரம் நெருங்குகிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்ஸ்போர்டில் இருந்தபோது ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார். வருமானம் 60 ஆனது, அப்போதும் 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார். 90 ஆனபோதும் செலவு அதே 28, கொடுத்தது 62. வருமானம் ஏறும்போது நம் வீடுகளில் எது ஏறுகிறது என்று இந்த வாரம் குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.