கால் தப்பும் நேரம்

(கிளிநொச்சியில் தாதியர்களுக்கும் இளம் வைத்தியர்களுக்கும் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம். உங்களில் பலருக்கு இன்றிரவே வாட்டில் கடமை இருக்கும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மைக்கேல் டிபேக்கி என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதய சத்திரசிகிச்சையில் பெயர் எடுத்தவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். தாதிய சேவையில் இருந்து ஓய்வுபெற்றவள் நான். எனக்கு அவர் முக்கியமாகப்படுவது வேறு காரணத்தால். காயப்பட்ட ஒருவருடைய கால் எப்போது தப்புகிறது, எப்போது போகிறது என்பதை எண்ணிப் பார்த்து எழுதி வைத்தவர் அவர். யுத்தம் நடந்த இந்த வன்னியில் இது எவ்வளவு பெரிய கேள்வி என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1908இல் லூசியானா மாநிலத்தில், லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். தாயார் தையலில் கெட்டிக்காரி, மகனுக்கும் பழக்கிவிட்டார். டுலேன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவனாக இருக்கும்போதே இரத்தத்தைத் தள்ளும் உருளைப் பம்ப் ஒன்றை உருவாக்கினார். பிற்காலத்தில் இதய நுரையீரல் இயந்திரத்தில் பயன்பட்டது அந்தப் பம்ப்தான். சரி, அதை விட்டுவிட்டு யுத்த காலத்துக்கு வருவோம்.

1942இல் இராணுவத்தில் சேர்ந்தார். வாஷிங்டனில், இராணுவத் தலைமை வைத்தியரின் அலுவலகத்தில் சத்திரசிகிச்சை ஆலோசனைப் பிரிவில் வேலை. யுத்தகளங்களிலிருந்து வந்த பதிவுகளைச் சேர்த்து, சிமியோன் என்ற இன்னொரு வைத்தியரோடு 1946இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையினருக்கு ஏற்பட்ட 2,471 நாடிக் காயங்களின், அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் பட்ட காயங்களின், கணக்கு அது. அவற்றில் நாடியைத் தைத்துச் சரிசெய்தவை வெறும் 81. மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு நாடியை நூலால் கட்டி அடைத்துவிட்டார்கள். கட்டினால் உயிர் நிற்கும், ஆனால் காலுக்கு இரத்தம் போகாது. அப்படிக் கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் காலையோ கையையோ கழற்ற வேண்டி வந்தது. முழங்காலுக்குப் பின்னால் ஓடும் நாடி என்றால் நிலைமை இன்னும் மோசம்: நூற்றில் எழுபதுக்கு மேல்.

அப்படியானால் ஏன் தைக்கவில்லை? நேரம் இருக்கவில்லை. காயப்பட்டவர் சத்திரசிகிச்சை மேசைக்கு வந்து சேரவே பல மணி நேரமாகிவிடும். அதற்குள் தசை செத்துப்போகும். நாடியைக் கட்டுவது விரும்பிச் செய்வதல்ல, வேறு வழியில்லாமல் செய்வது என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதினார்கள். அந்த நேர்மைக்காகவே நான் அவர்களை மதிக்கிறேன்.

சத்திரசிகிச்சைக் குழுவையே காயப்பட்டவருக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும் என்ற யோசனைக்கு டிபேக்கியும் உழைத்தார். அதுதான் 'மாஷ்' என்ற நடமாடும் இராணுவ வைத்தியசாலையாக வளர்ந்தது. கொரிய யுத்தத்தில் ஹெலிகொப்டரும் சேர்ந்துகொள்ள, நாடியைத் தைப்பது நடைமுறைக்கு வந்தது. அங்கே நாடிக் காயம் பட்டவர்களில் கழற்ற வேண்டி வந்தது நூற்றுக்குப் பதின்மூன்று அளவில்தான்.

வைத்தியசாலை நகர்வது என்றால் என்னவென்று எங்கள் சனத்துக்குத் தெரியும். கிளிநொச்சி, தர்மபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று 2008 கடைசியிலும் 2009இலும் நடந்த இறுதி யுத்தத்தில் எங்கள் வைத்தியசாலையும் சனத்தோடு சனமாக நகர்ந்தது. பள்ளிக்கூடக் கட்டடங்களில் வைத்து மருந்து கட்டினார்கள். மாஷுக்குப் பின்னால் ஒரு அரசும் இரத்த வங்கியும் இருந்தன. இங்கே இருந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். அந்த வேலையை எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதாமல் விட்டது எனக்கு இன்றும் ஆறாத துக்கம்.

யுத்தம் முடிந்து 1948இல் டிபேக்கி ஹூஸ்டனில் பேய்லர் மருத்துவக் கல்லூரியின் சத்திரசிகிச்சைத் துறைக்குத் தலைவரானார். துணிக்கடையில் நைலோன் கேட்டுப் போனவருக்கு டாக்ரோன் என்ற செயற்கை இழைத் துணிதான் கிடைத்தது. அதை வாங்கிவந்து வீட்டுத் தையல் மெஷினில் தானே குழாயாகத் தைத்தார். இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி பழுதானவர்களுக்கு, அதற்குப் பதிலாக அந்தக் குழாயைப் பொருத்தினார். தாயார் பழக்கிய தையல் இது. 97 வயதில் அவருக்கே பெருநாடி கிழிந்தபோது, அவர் வகுத்த முறையிலேயே அவருடைய ஆட்கள் சத்திரசிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். 2008இல்தான் காலமானார். அமெரிக்க இராணுவத்தின் மருத்துவ நூலகம் தேசிய மருத்துவ நூலகமாக மாறியதிலும் அவருக்குப் பங்குண்டு. எழுதி வைத்ததைத் தொலையவிடாத குணம் அவருக்கு எப்போதும் இருந்தது.

இனி எங்கள் கிளினிக்குக்கு வாருங்கள். ஐம்பது வயது அம்மா ஒருவர் பொலித்தீன் பையில் கொப்பியைச் சுற்றிக்கொண்டு வருவார். இடுப்பு நோவு. எக்ஸ்ரேயில் எறிகணைச் செல் துண்டு பளிச்சென்று தெரியும். "உள்ளுக்க கிடக்கட்டும், எடுக்கத் தேவையில்லை எண்டு சொன்னவை பிள்ளை" என்பார். யார் சொன்னது, எப்போது, எந்த இடத்தில்? கொப்பியில் ஒரு வரி இருக்காது. முந்திய கொப்பி இடப்பெயர்வில் போய்விட்டது. நாளைக்கு அவருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால்? முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ கண்ணுக்குள்ளோ இரும்புத் துண்டு கிடந்தால், அந்த ஸ்கேன் இயந்திரத்தின் பலமான காந்தம் அதை அசைத்துவிடலாம். எங்கே துண்டு இருக்கிறது என்று கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

காயங்களும் நின்றபாடில்லை. மோட்டார்சைக்கிள் விபத்து, உழவு இயந்திரம் பிரண்டது, காட்டோரத்தில் இன்னும் கிடக்கும் வெடிபொருள். முல்லைத்தீவில் அடிபட்டவர் ஒட்டுசுட்டான், மாங்குளம் தாண்டி ஏ9 வீதியால் வவுனியாவுக்குப் போக வேண்டியிருந்தால், அந்த வழியிலேயே காலின் கதி தீர்ந்துவிடலாம். ஆகவே அனுப்புகிற கடிதத்தில் அடிபட்ட நேரத்தை எழுதுங்கள். இரத்தம் நிற்க இறுக்கிக் கட்டியிருந்தால், கட்டிய நேரத்தையும் எழுதுங்கள். பாதத்தின் மேற்புறத்தில் விரலை வைத்து நாடி துடிக்கிறதா, பாதம் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்து அதையும் எழுதுங்கள். அப்புறம், அம்புலன்ஸ் வெளிக்கிட முன்னரே அடுத்த வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிடுங்கள். அங்கே சத்திரசிகிச்சைக் கூடத்தைத் தயார்ப்படுத்த அவர்களுக்கு அரை மணி நேரமாவது கிடைக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பிள்ளைகள்.