பின்னாடி இழுக்காதே, முன்னாடி தட்டு: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக்

[திரை: கறுப்பு. பேரி சத்தம் மட்டும், ஒரே ஒரு தடவை.]

இந்தச் சத்தத்துக்காகத்தான் இந்த வீடியோ.

[திரை: ரியூ ஹடோகென்ங்கிற சக்திப் பந்தை விடுறான். கென் நின்ன இடத்துலயே அதைத் தட்டிவிடுறான்.]

வணக்கம். இன்னைக்கு நாம பார்க்கப்போறது, ஜப்பான் கம்பெனி காப்காம் 1999 மே மாசம் ஆர்கேடுகளுக்கு, அதாவது காசு போட்டு ஆடுற கேம் கடைகளுக்கு, கொண்டுவந்த சண்டை கேம், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக்.

முதல்ல ஒரு பழக்கத்தைப் பத்திச் சொல்லணும். 1991ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 நம்ம எல்லார் கைக்கும் ஒரு விஷயத்தைப் பழக்கிவிட்டுச்சு. அடி வந்தா ஸ்டிக்கைப் பின்னாடி இழு. அதான் பிளாக். தேர்ட் ஸ்ட்ரைக்லயும் பிளாக் இருக்கு. ஆனா கூடவே இன்னொரு வழியும் இருக்கு. அடி உங்க மேல படப்போற நேரத்துல ஸ்டிக்கை முன்னாடி, எதிராளி பக்கமா, ஒரு தட்டு. காலைக் குறிவெச்சு வர்ற அடின்னா கீழ்ப்பக்கமா ஒரு தட்டு. இதுக்குப் பேர்தான் பேரி.

[திரை: அதே காட்சி, மெதுவா. பிரேம் எண்கள் மேல ஓடுது.]

சரியாத் தட்டிட்டீங்கன்னா லைஃப் துளிகூடக் குறையாது. உங்க கேரக்டர் நீலமா மின்னும், ஆட்டம் ஒரு கணம் உறைஞ்சு நிக்கும், அடிச்சவன் நீட்டின கையை மடக்கறதுக்குள்ள நீங்க திருப்பிக் கொடுத்துடலாம். தரையில நிக்கும்போது இதுக்குக் கிடைக்கிற நேரம் 10 பிரேம், அதாவது திரையில 10 படம் மாறுற நேரம். ஒரு நொடிக்கு 60 பிரேம்னா, நொடியில ஆறுல ஒரு பங்கு. தப்பாத் தட்டினா பிளாக்கும் கிடையாது, முழு அடியும் உங்களுக்குத்தான்.

பயந்து பின்வாங்கத் தோணுற அதே நேரத்துல, முன்னாடி போன்னு சொல்லுது இந்த கேம். 2டி சண்டை கேம்கள்ல இதைவிட நல்ல யோசனையை நான் பார்த்ததில்ல.

இந்த ஒரு தட்டு எதையெல்லாம் புரட்டிப்போடுதுன்னு பாருங்க. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ல ரியூ தூரத்துல நின்னு ஹடோகென் விடுவான். அதைத் தாண்டணும்னு நீங்க குதிச்சா, கீழ ஷோர்யூகென், மேல எம்பி அடிக்கிற குத்து, காத்திட்டிருக்கும். அந்தப் பொறி இங்க வேலை செய்யாது. ஹடோகென்னைத் தட்டித் தட்டியே கிட்ட வந்துடலாம். குதிச்சாலும், உங்களைக் கீழ தள்ள வர்ற அடியைக் காத்துலயே பேரி பண்ணலாம். தூரத்தைக் கட்டியாள்றதுதான் ஆட்டமேன்னு வளர்ந்தவங்களுக்கு இது பிடிக்காது. அவங்க வருத்தம் நியாயம்தான். தூரத்துக்கான அந்த அழகான போராட்டம் இதுல நிஜமாவே சுருங்கிப்போச்சு.

ஆனா அந்த இடத்துல வேற ஒண்ணு வளர்ந்திருக்கு. பேரி பண்றவன் அடியைப் பார்த்து மட்டும் தட்டறதில்ல, உங்க மனசை ஊகிச்சும் தட்டறான். அதனால நீங்க அவன் ஊகத்தை ஊகிக்கணும். முன்னாடி தட்டுவான்னு தோணுதா, காலுக்கு அடிங்க. கீழ தட்டுவான்னு தோணுதா, மேல இருந்து அடிங்க. எப்படியும் தட்டத்தான் போறான்னா கிட்ட போய் த்ரோ பண்ணுங்க, அதாவது பிடிச்சுத் தூக்கி எறிங்க, த்ரோவைப் பேரி பண்ண முடியாது. இல்ல, அரை நொடி சும்மா நில்லுங்க. அவன் தட்டி ஏமாந்த பிறகு அடிங்க. அந்த அரை நொடி சும்மா நிக்கறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு ஆடிப் பார்த்தாதான் தெரியும்.

[திரை: எலெனா நிக்கிற அசைவு மட்டும், முழுத் திரையில.]

இப்ப கொஞ்ச நேரம் எதுவும் பேசாம இதைப் பாருங்க.

எலெனா. கென்யாப் பொண்ணு, கபோயெராங்கிற பிரேசில் சண்டைக் கலை ஆடுறவ. சும்மா நிக்கும்போதுகூட தோள்ல இருந்து கணுக்கால் வரைக்கும் அலை மாதிரி ஓடுது பாருங்க. கையால வரைஞ்ச பிக்சல் படங்கள் இதெல்லாம். 1997ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 வரிசையோட முதல் கேம் வந்தப்ப, ஆர்கேடு கடைகள்ல கூட்டம் 3டி பக்கம் சாய்ஞ்சிருந்துச்சு. 3டி சண்டை கேமான டெக்கன் 3 வந்ததும் அதே வருஷம்தான். காப்காம் அந்த நேரத்துல சிபிஎஸ்-3ங்கிற புது ஆர்கேடு மெஷின் போர்டுல 2டியைத் தொடர்ந்துச்சு. அந்த போர்டுல மொத்தமே ஆறு கேம்தான் வந்துச்சு. அதோட கார்ட்ரிட்ஜுக்குள்ள ஒரு பேட்டரி இருக்கும். அது செத்தா, கேமைத் திறக்கிற சாவியும் அழிஞ்சுபோகும். இவ்வளவு உழைப்பை ஒரு பேட்டரியோட ஆயுளை நம்பி விட்டது எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல.

இசை ஹிதேகி ஒகுகாவா. கனடாக்காரர் இன்ஃபினிட் ராப் பண்ணியிருப்பார். கேரக்டரைத் தேர்ந்தெடுக்கிற திரையிலேயே தலை ஆட ஆரம்பிச்சுடும்.

[திரை: 19 முகங்கள்.]

குறைகளுக்கு வருவோம். ஆடக் கிடைக்கிறது 19 பேர், ஆனா 19 பேரும் சமம் இல்ல. சுன்-லீ, யுன், கென் மூணு பேரும் உச்சியில. சுன்-லீ உட்கார்ந்து ஒரு உதை விட்டு, அது பட்டதும் ரெண்டாவது சூப்பர் ஆர்ட்டை (ஒவ்வொரு கேரக்டருக்கும் இருக்கிற பெரிய அடிகள்ல ஒண்ணு, சுருக்கமா சூப்பர்) சேர்த்துட்டா பாதி ஆட்டம் முடிஞ்ச மாதிரி. யுன்னோட சூப்பர் கெனேய்-ஜின் ஓடுற சில நொடிகள் எதிராளிக்கு நரகம். மறுபக்கம் ஷான். இதுக்கு முந்தின கேம்ல வலுவா இருந்தவனை இதுல ரொம்பவே முடக்கிட்டாங்க. ட்வெல்வ் நிலைமை இன்னும் பாவம். கடைசி எதிரி கில், செத்ததும் சூப்பரைப் பயன்படுத்தி லைஃபை நிரப்பிட்டு எழுந்து வருவான். தனியா ஆடுறவங்களுக்கு அது வெறும் எரிச்சல்.

[திரை: 2004, எவோ. கூட்டத்தோட சத்தம் மெதுவா ஏறுது.]

அந்த சுன்-லீதான் இந்தக் காட்சியிலயும். 2004ல எவோங்கிற சண்டை கேம் போட்டி, கலிஃபோர்னியா, போமோனா. அமெரிக்காவோட ஜஸ்டின் வாங் கையில சுன்-லீ, ஜப்பானோட டைகோ உமெஹாரா கையில கென். கென்னோட லைஃப்ல கண்ணுக்குத் தெரியறது ஒரு பிக்சல். ஹடோகென் மாதிரி ஸ்பெஷல் அடியையோ சூப்பரையோ பிளாக் பண்ணாலும் லைஃப் கொஞ்சம் கரையும். டைகோகிட்ட கரையறதுக்குக்கூட ஒண்ணும் இல்ல. வாங் சூப்பரை விடுறார். 15 உதை.

முதல் உதை வர்ற வேகத்துக்கு அதைப் பார்த்துட்டுத் தட்ட நேரம் கிடையாது, வரும்னு முன்னாடியே நினைச்சிருக்கணும். டைகோ நினைச்சிருந்தார். ஒவ்வொண்ணாத் தட்டுறார். கூட்டம் எழுந்துடுச்சு. கடைசி உதையைக் குதிச்சுக் காத்துல தட்டி, இறங்கி, தன்னோட சூப்பரால முடிச்சார். அன்னைக்குப் பட்டம் அவருக்குக் கிடைக்கல. இறுதி ஆட்டத்துல யுன்னை வெச்சு ஆடின கென்ஜி ஒபாயாஷி ஜெயிச்சார். இந்தக் காட்சியில நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறது டைகோவை விட கென்னைத்தான். 15 தடவையும் ஒரு தடவைகூடப் பின்னாடி சாயல.

[திரை: பயிற்சி அறை. ரியூ திரும்பத் திரும்ப ஹடோகென் விடுறான்.]

ஆடிப் பார்க்கணும்னா 2018ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30வது ஆண்டுத் தொகுப்புல இது இருக்கு. கென்னை எடுங்க, மூணாவது சூப்பர் ஆர்ட்டைத் தேர்ந்தெடுங்க. ஆட்டத்துக்கு அவசரப்படாதீங்க. ரியூவைத் தூரத்துல நிறுத்தி, ஒரு ஹடோகென் மட்டும் விடச் சொல்லுங்க. ஸ்டிக்கை விட்டுடுங்க, அது நடுவுல இருக்கட்டும். பந்து உங்களைத் தொடப்போகும்போது முன்னாடி ஒரு தட்டு, உடனே விட்டுடணும். அழுத்திப் பிடிச்சா கென் நடந்துபோய் அதுலயே மோதுவான்.

முதல்ல கை தானா பின்னாடி போகும். போகட்டும். மறுபடியும் நடுவுக்குக் கொண்டுவாங்க.

[ஒலி: பேரி.]